ஏட்டில் மரம் உண்டு, மனிதன் இல்லை!

மேட்டுப்பாளையத்தை விட்டு, கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளைக் கடந்து மலையேறுகிறவர்களை முதலில் வரவேற்கும் ஊர் பர்லியார். நீலகிரி மாவட்டத்தின் வாசல் அது. பருவத்தில் போனால் சாலையோரம் மங்குஸ்தானும் பலாவும் குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே ஜாதிக்காயும் கிராம்பும் விளைகிற பழைய சர்க்கார் தோட்டம்.

இந்தத் தோட்டத்தை வைத்தது யார்? 1857 வாக்கில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த தாமஸ் துரை என்று புத்தகங்கள் சொல்லுகின்றன. துரையின் பெயர் நிற்கிறது. என்ன மரம், எந்த ஊர் விதை என்ற விவரமும் நிற்கிறது. அந்தக் காய்ச்சல் காட்டில் குழி தோண்டிய கூலிக்காரனின் பெயரை மட்டும் காணோம்.

பர்லியாரில் கூலிக்காரனின் கதை இது. இதே சாலையில் மேலே ஏறி, குன்னூர், ஊட்டி, பைக்காரா தாண்டி கூடலூர்ப் பாதையில் நடுவட்டம் வரை போனால், அங்கே இதே கதை கைதியின் கதையாக மாறுகிறது. கூலிக்காரனையாவது ஏடு மறந்தது. கைதியையோ ஏடு ஆயுள் முழுவதும் துரத்துகிறது. அன்றும் துரத்தியது, இன்றும் துரத்துகிறது. பரோல் என்ற பெயரில் இன்று நடக்கும் அநியாயத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தப் பழைய ஏட்டைப் புரட்டியே ஆகவேண்டும்.

கொயினா மரமும் கைவிலங்கும்

1860-களில் வெள்ளைக்கார சர்க்காருக்கு ஒரு அவசரம். மலேரியாக் காய்ச்சலில் பட்டாளம் செத்துக்கொண்டிருந்தது. காய்ச்சலுக்கு மருந்து கொயினா. கொயினா கிடைப்பது சிங்கோனா மரப்பட்டையில். தென் அமெரிக்காவிலிருந்து மார்க்கம் துரை விதையும் கன்றும் கொண்டு வந்தார். ஊட்டி தாவரத் தோட்டத்தை உருவாக்கிய மெக்ஐவர் துரை அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பைக்காராவிலும் நட ஏற்பாடு செய்தார்.

ஆனால் அந்தக் குளிரிலும் மழையிலும் காட்டை வெட்ட ஆள் வேண்டுமே! கூலி கொடுத்தால் செலவு. கூலி கொடுக்காமல் வேலை வாங்க ஒரு வழி இருந்தது. கைதி!

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் குடியேற்றத்தில் தண்டிக்கப்பட்ட சீனர்கள் சென்னை மாகாணத்துச் சிறைகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அங்கிருந்து ஒரு பகுதியினர் நீலகிரிக்கு ஓட்டி வரப்பட்டார்கள். நடுவட்டத்தில் அவர்களுக்கென்று சிறை எழுந்தது. பகலில் தோட்டம், இரவில் கொட்டடி.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் கப்பல் ஓடியது. நம் நாட்டுக் கைதிகளை அதே சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் அனுப்பினார்கள். சிங்கப்பூரில் இன்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பிய கைகள் இந்தியக் கைதிகளின் கைகள். அங்கிருந்த சீனனை இங்கே கொண்டு வந்தான், இங்கிருந்த தமிழனை அங்கே கொண்டு போனான். ஊரும் மொழியும் தெரியாத இடத்தில் ஓடி ஒளிய முடியாது, உறவும் தேடி வராது என்பதுதான் ஏகாதிபத்தியத்தின் கணக்கு.

இந்தச் சீனர்கள் யார்? அபினி யுத்தத்தில் பிடிபட்ட போர்க் கைதிகள் என்று மலையில் பலர் சொல்லுவார்கள். தண்டனைக் கைதிகள் என்கிறது 1908-ல் பிரான்சிஸ் துரை எழுதிய மாவட்ட கெஜட்டியர். யாரென்று இன்று வரை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. எத்தனை கன்று நட்டோம், எத்தனை பவுண்டு பட்டை உரித்தோம் என்று கணக்கு வைத்த சர்க்கார், பட்டையை உரித்தவனின் பெயரையும் ஊரையும் ஜனங்கள் அறியும்படி விட்டுச் செல்லவில்லை!

ஓடியவனும் உழைத்தவனும்

ஒரு சம்பவத்தை மட்டும் கெஜட்டியர் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. 1868 ஜூலையில், புயலும் மழையுமான ஓர் இரவில் பன்னிரண்டு சீனக் கைதிகள் தப்பி ஓடினார்கள். தேடிப்போன போலீஸ் கோஷ்டி ஒன்று திரும்பவில்லை. கைதிகள் மலபாரில் பிடிபட்டார்கள். செப்டம்பரில் சிஸ்பாறைக் கணவாய்ப் பாதையில், காட்டுக்குள், நான்கு போலீஸ்காரர்களின் சடலங்கள் கிடைத்தன. தலைகள் துண்டிக்கப்பட்டிருந்தன.

கொடிய கொலை. அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அந்த நான்கு பேரும் சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்தவர்கள். அவர்கள் வீட்டிலும் அழுதிருப்பார்கள்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. மற்ற சீனர்கள் என்ன ஆனார்கள்?

தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே மலைச்சரிவில் குடிசை போட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்ப் பெண்களை மணந்தார்கள். காய்கறி பயிரிட்டார்கள், கொஞ்சம் காப்பி போட்டார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள். அவர்கள் நேர்மையாகப் பிழைத்தார்கள் என்பதற்குச் சாட்சி சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டன் துரை. அவரே நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்.

போய்ப் பார்த்த துரை செய்த காரியம் என்ன தெரியுமா? அளவு நாடாவை எடுத்தார்! தகப்பன் மூக்கு எவ்வளவு அகலம், பிள்ளையின் மண்டை எவ்வளவு நீளம் என்று அளந்து குறித்துக்கொண்டார். ஒரு கைதி எப்படிக் குடும்பஸ்தன் ஆனான், காட்டில் பூமியைத் திருத்த யார் உதவினார்கள், எந்தப் பெண் சாதியும் தேசமும் பாராமல் அவனுக்குச் சோறு போட்டாள் என்பதையெல்லாம் அந்த நாடா அளக்கவில்லை.

வாசகர்களே, இந்த இரண்டு காட்சிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மலை. ஓடிக் கொலை செய்தவர்கள் பன்னிரண்டு பேர். வெளியே வந்து மண்ணைத் திருத்தி வாழ்ந்தது ஒரு கிராமமே. அதிகார வர்க்கம் எப்போதும் முதல் காட்சியைத்தான் நமக்குக் காட்டும். ‘ஒருவன் ஓடினான், ஆகவே ஆயிரம் பேருக்குக் கதவைச் சாத்து!’ என்பது அதன் தர்க்கம். ஒருவன் ஓடினான் என்பது உண்மை. மற்றவர்கள் காய்கறி பயிரிட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

வாக்கு யாருடையது?

பரோல் என்பது பிரெஞ்சுச் சொல். ‘வாக்கு’ என்று அர்த்தம். ‘திரும்பி வருவேன்’ என்று கைதி கொடுக்கிற வாக்கை நம்பி அவனை வீட்டுக்கு அனுப்புவது. நம் மாநிலத்தில் இதற்கென 1982-ம் வருஷத்துத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. சாவு, கடும் நோய், கல்யாணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு. மூன்று வருஷம் சிறையில் கழித்த பிறகு சாதாரண விடுப்பு. காகிதத்தில் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

நடைமுறையில்? பர்லியார்ப் பக்கத்தில் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மகன் சமவெளியில் ஒரு மத்திய சிறையில் ஆயுள் கைதி. தகப்பன் படுக்கையில். தாய் தோட்ட வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு, அரை நாள் பஸ்ஸில் போய், யாரையோ பிடித்து மனு எழுதுகிறாள். மனு போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறது. நன்னடத்தை அலுவலருக்குப் போகிறது. ‘வீடு சொந்தமா? பட்டா உண்டா? பொறுப்பேற்க ஆள் உண்டா?’ என்று கேள்விகள். அவள் இருப்பது எஸ்டேட் லயன் வீடு. கம்பெனிக்குச் சொந்தம். பட்டாவுக்கு எங்கே போவாள்? கடைசியில் ஒரு வரி வருகிறது: ‘இவரை விட்டால் சட்டம் ஒழுங்கு பாதிக்கும்.’ யார் எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்று தாய்க்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. தகப்பன் உயிர் காகிதத்துக்காகக் காத்திருக்குமா?

பட்டா உள்ளவன் வாக்கு வாக்கு; பட்டா இல்லாதவன் வாக்கு காற்று! இதுதான் நடைமுறை.

ஜாமீன் விஷயத்தில் இதே அநியாயத்தை 1978-லேயே சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் முன்வந்தார். சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளினார்கள். ஏழைக்கு எட்டாத ஜாமீன் நீதியே அல்ல என்று தீர்ப்பெழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் மந்திரி சபையில் சிறைத் துறையையும் கவனித்தவர் அவர். விசாரணைக் கைதிக்குச் சொன்ன நியாயம் தண்டனைக் கைதிக்கு மட்டும் பொருந்தாதா?

இன்னொரு பக்கம் பாருங்கள். அரியானாவில் தேரா சாமியார் குர்மீத் ராம் ரகீம் 2017-ல் பாலியல் பலாத்கார வழக்கில் இருபது வருஷ தண்டனை பெற்றவர். அவர் பரோலிலும் விடுப்பிலும் எத்தனை முறை வெளியே வந்தார்! 2022-ல் பஞ்சாப் தேர்தலுக்கு முன்னால், 2024-ல் அரியானா தேர்தலுக்கு முன்னால், 2025-ல் டில்லி தேர்தலுக்கு முன்னால். பக்தர் கூட்டமும் ஓட்டும் உள்ளவருக்குச் சட்டம் ஒழுங்கு பாதிக்காது. லயன் வீட்டுப் பிள்ளை தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வந்தால் பாதிக்குமாம்!

ஒரு வரியின் விலை

சிறை ஏடு வெறும் காகிதம் அல்ல. 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டம் என்னென்ன எழுதச் சொன்னது, பாருங்கள். வந்தவர் பதிவேடு, விடுதலைத் தேதிப் புத்தகம், தண்டனைப் புத்தகம், பறிமுதல் செய்த பணம், சாமான்களின் கணக்கு. வேலை செய்கிற கைதியின் எடையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவன் சீட்டில் குறிக்கவும் சொன்னது. உழைப்புக்கு உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கத்தான்! அவன் மனம் எப்படி இருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுத ஒரு பத்தி இல்லை.

ஏட்டில் எழுதியது பொய்யானால் என்ன ஆகும்? வ.உ.சி.யைக் கேளுங்கள். 1908-ல் வெள்ளையன் கோர்ட்டு அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. கோவை சிறையில் செக்கிழுக்க வைத்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஏடு சொன்னது ராஜத் துரோகி என்று. நாடு சொன்னது செக்கிழுத்த செம்மல் என்று!

வெள்ளையன் போனபின் ஏடு திருந்திவிட்டதா? 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். கைதிகள் கலவரம் செய்தார்கள் என்றது சர்க்கார். செத்தவன் வந்து ஏட்டைத் திருத்த முடியுமா?

அண்மைக் காலத்துக்கு வருவோம். பேரறிவாளன் 1991 ஜூனில் கைதானபோது வயது 19. பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியை வாக்குமூலத்தில் விட்டுவிட்டதாக, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013-ல் ஒப்புக்கொண்டார். ஏட்டில் ஒரு வரி விடுபட்டது; ஒரு மனிதனின் 31 வருஷம் போயிற்று. முதல் பரோல் எப்போது? 2017 ஆகஸ்டில், 26 வருஷம் கழித்து, தகப்பனின் நோயை முன்னிட்டு. விடுதலை செய்யலாம் என்று 2018 செப்டம்பரில் மாநில மந்திரி சபை தீர்மானித்த பிறகும் கவர்னர் மாளிகையில் கோப்பு தூங்கியது. 2022 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுத்தான் வெளியே விட்டது.

இந்தி நடிகர் சஞ்சய் தத் 2016-ல் எந்த விதியின்படி முன்கூட்டியே விடுதலையானார் என்று இதே பேரறிவாளன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். விவரம் கிடைக்காமல் 2020-ல் பம்பாய் ஹைகோர்ட்டுப் படியேறினார். ஏழைக் கைதியின் ஏட்டைப் போலீஸ், அதிகாரி, பத்திரிகை எல்லோரும் புரட்டலாம். பிரபலத்தின் ஏட்டை ஏழை எட்டிப் பார்க்கக் கூடாது!

அந்த ஏட்டில் சாதிக்கும் ஒரு பத்தி வைத்திருந்தார்கள். யார் சமைப்பது, யார் கூட்டுவது, யார் கக்கூஸ் கழுவுவது என்பதைச் சாதியைப் பார்த்து நிர்ணயித்த சிறை விதிகள் பல மாநிலங்களில் இருந்தன. 2024 அக்டோபர் 3-ல் சுப்ரீம் கோர்ட்டு அவற்றை ரத்து செய்தது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. விதிகளைத் திருத்த மூன்று மாதம் கெடு கொடுத்தது. சுதந்திரம் வந்து 77 வருஷம் கழித்துத்தான் இந்தப் பத்திக்கு மரண தண்டனை!

‘ஊர் பாழாகிவிடும்’ என்பாரே!

‘கொலையுண்டவன் வீட்டாரின் கண்ணீருக்கு என்ன பதில்?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கண்ணீரை நாம் மதிக்கிறோம். கைதி வெளியே வருவதை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மிரட்டல் இருந்தால் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 15-ல் குஜராத் சர்க்கார் பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகளை விடுதலை செய்தது போல, பாதிக்கப்பட்டவள் முகத்தில் அடிப்பதை நாம் கேட்கவில்லை. அந்த உத்தரவை 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது சரியே. ஆனால் பரோல் விடுதலை அல்ல. தண்டனை அப்படியே இருக்கிறது. சில நாள் வீட்டுக்குப் போய்வருவது, அவ்வளவே. ஆளைப் பார்த்துக் கொடுக்காதே, விதியைப் பார்த்துக் கொடு என்பதுதான் நம் வாதம்.

‘இத்தனை பேரை விட்டால் ஊர் பாழாகிவிடும்’ என்பார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது என்ன நடந்தது? ஒவ்வொரு மாநிலமும் உயர்நிலைக் குழு அமைத்து, யார் யாரைப் பரோலிலும் இடைக்கால ஜாமீனிலும் அனுப்பலாம் என்று முடிவு செய்யும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. வருஷக் கணக்கில் நகராத கோப்புகள் நாள் கணக்கில் நகர்ந்தன. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். மலை சரிந்ததா? தொற்று பரவும் என்ற பயம் வந்தால் கதவு திறக்கிறது; தாய் சாகிறாள் என்றால் திறக்க மறுக்கிறது!

போதாக்குறைக்கு, பரோலில் கழித்த நாட்களைத் தண்டனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் கோவா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. சேர்த்தால் செல்வாக்குள்ளவர்கள் பரோலிலேயே காலம் தள்ளுவார்களாம். செல்வாக்குள்ளவனைத் தடுக்க முடியாததற்கு அபராதம் ஏழைக் கைதிக்கா? தகப்பன் பிணத்தருகே உட்கார்ந்திருந்த நாளையும் அவன் உள்ளே போய் ஈடு கட்ட வேண்டுமா?

நாம் கேட்பது

சாவுக்கும் நோய்க்கும் விடுப்புக் கேட்டால் 24 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மற்ற மனுக்களுக்கும் கெடு வேண்டும். கெடு தாண்டினால் அனுமதித்ததாகவே கொள்ள வேண்டும்.

போலீஸ் அறிக்கையின் நகலைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும். மறுப்பதானால் காரணத்தைத் தமிழில் எழுத வேண்டும். ‘சட்டம் ஒழுங்கு’ என்ற ஒற்றை வரி காரணம் ஆகாது.

பட்டா கேட்காதே! கைதியின் வாக்கும் குடும்பத்தின் வாக்கும் போதும். தொழிற்சங்கமும் ஊர்ப் பஞ்சாயத்தும் பொறுப்பேற்றால் ஏற்றுக்கொள்.

அவசர விடுப்பு நாட்களைத் தண்டனைக் காலத்தில் சேர்.

சாதிப் பத்தி நீங்கிவிட்டதா என்று ஒவ்வொரு சிறையிலும் வெளியார் குழுவைக் கொண்டு சோதனை செய்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட அலுவலகங்களிலும் உள்ள பழைய சிறை ஏடுகளை வெளியே எடு, தமிழில் அச்சிடு. சிங்கோனாவை நட்டவர்களில் யார் யார் பெயர் கிடைக்கிறதோ அத்தனை பெயரையும் நடுவட்டத்தில் கல்லில் வெட்டி வை.

பழைய ஏட்டைத் திறப்பது சரித்திர ஆராய்ச்சிக்காக மட்டும் அல்ல. வெளியே விட்ட கைதி என்ன ஆனான் என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு பழைய அத்தாட்சி இந்த மலையிலேயே இருக்கிறது. அவன் காய்கறி பயிரிட்டான், குடும்பம் நடத்தினான், இந்த மண்ணோடு மண்ணானான். அவனை அளக்க நாடா கொண்டு போன சர்க்கார் அவனிடம் பாடம் கற்கவில்லை. இன்றைய சர்க்காராவது கற்கட்டும்.

அடுத்த முறை பர்லியாரில் பஸ் நின்றால், சுளை பலாவை வாயில் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். மேலே போகிற இந்த மலைப் பாதையில் அன்று விலங்கோடு ஏறியவன் உண்டு. இன்று மனுவோடு இறங்குகிற தாய் உண்டு. அவள் கையிலிருக்கும் காகிதம் திரும்பி வருவதற்குள் அவள் வீட்டில் சாவு விழக்கூடாது. அதற்காகப் போராடுவோம்!